ஐந்தாவது ஜோடி பூட்ஸ்

இங்கிலாந்தின் பில்ஸ்டன் ஊரில் எங்கள் நாலு பேரையும் தெரியாதவர்கள் கிடையாது. எப்படித் தெரியாமல் இருக்கும்? பட்டறைப் புகையில் ஊரே சாம்பல் பூத்துக் கிடக்கிற இடத்தில், வெள்ளித்தாள் கோட்டும், ஒரு சாண் குதிகால் வைத்த பூட்ஸும், கண்ணிமையில் ஜிகினாவுமாக நாலு ஆண்பிள்ளைகள் சிப்ஸ் கடை வரிசையில் நின்றால் நாய்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போகும். "என்னம்மா ஹோவர்ட், எப்போ கல்யாணம்?" என்று கடைக்காரர் தவறாமல் கேட்பார். "உங்க வீட்டம்மா கவுனக் குடுத்தா நாளைக்கே வெச்சுக்கலாம்" என்று நானும் தவறாமல் சொல்வேன். டிவியில் வந்தாலும் சரி, விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தாலும் சரி, சிப்ஸுக்கு வினிகர் ஊற்றும்போது எங்கள் ஊர் எல்லோரையும் ஒரே மாதிரிதான் நடத்தும்.

குழுவின் பெயர் ஜாக்டாஸ். ஜாக்டா என்பது பளபளவென்று எதைப் பார்த்தாலும் கொத்திக்கொண்டு போகிற சின்னக் காக்கை. ரோலண்ட் பார்ஜெட்டர் பாடுவான். கிளைவ் கிடார். டெஸ்மண்ட் டிரம்ஸ். நான் பேஸ் கிடார், அதாவது புகைப்படங்களில் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறவன்.

உண்மையைச் சொன்னால், எங்கள் ரெகார்டுகளை ஜனங்கள் வாங்கியது ரோலண்டின் குரலுக்காகவும் அல்ல, கிளைவின் விரலுக்காகவும் அல்ல. எங்கள் காலுக்காக. எங்கள் பாட்டு ஒவ்வொன்றும் வெறும் மிதியில்தான் தொடங்கும். நாலு பேரும் ஒரு மரப்பலகை மேல் ஏறி நின்று, பூட்ஸ் காலால் கட்டடம் அதிர மிதிப்போம். அதற்குப் பிறகுதான் கிடார் வரும். முடியும்போதும் அப்படித்தான். மற்ற சத்தமெல்லாம் அடங்கி, மிதி மட்டும் தேய்ந்து தேய்ந்து கரையும். ரேடியோக்காரர்களுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் பொறுமை இல்லாததால், ஒலிப்பதிவுக்காரர் குமிழை மெல்லக் கீழே இழுத்துப் பாட்டைக் கரைத்துவிடுவார். நாங்கள் அறைக்குள் இன்னும் மிதித்துக்கொண்டுதான் இருப்போம். கேட்பவர்களுக்குத்தான் நாங்கள் எங்கோ போய்விட்ட மாதிரி இருக்கும்.

அந்தப் பலகை எங்கள் பழைய வேனின் தரைப்பலகை. அது எங்கள் காலடிக்கு வந்த கதையைச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

முதலில் நாங்கள் ஐந்து பேர். ஐந்தாவது ஆள் மெர்வின், ரோலண்டின் தம்பி. பாட்டு வராது, டாம்பரின் தட்டினால் அதிலும் தாளம் நிற்காது. ஆனால் ஜாக்டாஸ் என்ற பெயரும், ஜிகினாவும், வெள்ளித்தாளும் அவன் மூளையில் உதித்தவை. எதையாவது முடிவு செய்ய வேண்டுமென்றால் கையைத் தூக்கக் கூடாது, சம்மதிக்கிறவர்கள் ஒரு மிதி மிதிக்க வேண்டும் என்பதும் அவன் போட்ட சட்டம்தான். எங்களில் முதன்முதலாக உயரக் குதிகால் பூட்ஸ் வாங்கியவன் அவன். வெள்ளி நிறத்தில் கிடைக்கவில்லை என்று, அவன் அம்மா கணப்புக் கம்பிகளுக்குப் பூசும் வெள்ளி வர்ணத்தை எடுத்துப் பூசிக்கொண்டான். அவன் வருவதற்கு முன்பே அந்த வாடை வந்துவிடும்.

எங்களுக்கு இன்னும் ஒரு ரெகார்டுகூட வராத காலம். பக்ஸ்டனில் ஒரு கிளப்பில் வாசித்துவிட்டு விடிகிற நேரத்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். லீக் ஊருக்கு இறங்கும் மேட்டுச் சாலையில் வேன் படுத்துவிட்டது. கையை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. கீழே கொஞ்ச தூரத்தில் ஒரு போன் கூண்டு இருப்பதாக மெர்வினுக்கு ஞாபகம்.

"நான் போய் போன் பண்ணிட்டு வரேன்" என்றான்.

"நொண்டிக் காலோட எங்கடா போவே?" என்றேன் நான். கடைசிப் பாட்டில் குதித்த குதியில் அவனுடைய இடது பூட்ஸின் குதிகால் பிய்ந்து போயிருந்தது. நடக்கிற ஷூவை வழக்கம்போல எங்கேயோ விட்டுவிட்டு வந்திருந்தான். ஒரு கால் உயரம், ஒரு கால் பள்ளம். டொக் என்று ஒன்று விழும், சர்ர் என்று மற்றது இழுபடும்.

"நொண்டினாலும் உன்னவிட அழகாத்தான்டா நடப்பேன்."

"பனியில திரும்பி வர வழி தெரியுமாடா?" என்று கேட்டான் ரோலண்ட்.

"நீங்க நாலு பேரும் வேனுக்குள்ள மிதிச்சுக்கிட்டே இருங்க. சத்தத்தப் புடிச்சுக்கிட்டு வந்துடறேன். நிறுத்திடாதீங்கடா, சோம்பேறிகளா."

மிதித்தோம். குளிருக்கும் அது இதமாக இருந்தது. அன்றைக்குத்தான் டெஸ்மண்ட் முதலில் சொன்னான், "டேய், இது நல்லா இருக்குடா, பாட்டுல வெக்கலாம்" என்று. பிறகு ஒரு பால் லாரி வந்தது. கயிறு கட்டி இழுக்கிறேன், இப்போதே ஏறினால் உண்டு என்றார் லாரிக்காரர். போகிற வழியில் அவனையும் ஏற்றிக்கொள்ளலாம் என்று மிதியை நிறுத்தினோம். போகிற வழியில் அவன் இல்லை. பனி விலகிய பிறகு சாலையோரப் பள்ளத்தில் இருந்தான். எங்கள் வேன் இருந்த திசையைப் பார்த்துத்தான் விழுந்திருந்தான். எந்த வண்டி மோதியது என்று இன்றுவரை தெரியவில்லை.

அவன் அம்மா ஐரிஸ் ஆன்ட்டிக்கு ஒரே ஒரு கோரிக்கைதான் இருந்தது. அந்தச் சனியன் பிடித்த பூட்ஸைக் கழற்றிவிட்டுப் புதைக்க வேண்டும். அவர் வீட்டுக்குள் பூட்ஸோடு யாரும் போக முடியாது. வாசலில் செய்தித்தாள் விரித்திருக்கும், அதில் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடுதான் உள்ளே போக வேண்டும். ரோலண்ட் கேட்கவில்லை. வெள்ளிப் பூட்ஸோடுதான் தம்பி போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். அப்படியேதான் புதைத்தோம். வேனை உடைக்கப் போட்டபோது தரைப்பலகையை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்தவனும் அவன்தான். "இதுமேல நின்னு மிதிச்சாத்தான் பாடுவேன்" என்றான். முதல் ரெகார்டு வந்தது, பிய்த்துக்கொண்டு போனது, அதிலிருந்து பலகையை நாங்கள் விடவில்லை.

மூன்று வருடம் கழித்து, எழுபத்து நான்கில், கம்பெனிக்காரர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். இதுவரை தனித்தனியாக வந்த எட்டு ஹிட் பாட்டுகளையும் ஒரே பெரிய இசைத்தட்டில் போட்டு, 'இதுவரை ஜாக்டாஸ்' என்று பெயர் வைத்து, கிறிஸ்துமஸுக்கு விற்கலாம். புதிதாகப் பாட வேண்டாம், மிதிக்க வேண்டாம். சும்மா கிடைக்கிறதை யார் வேண்டாம் என்பார்கள்? கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை அங்கேதான் தொடங்கியது.

லண்டனில் எங்களுக்குப் பதிவு செய்கிறவர் ஜெஃப்ரி. சிரிப்பு வந்தால்கூட அனுமதி கேட்டுவிட்டு வெளியே விடுகிற மனிதர். எட்டு நாடாக்களையும் வெட்டி, வந்த வரிசையிலேயே ஒட்டி, ஒரே சுருளாக்கி வைத்திருந்தார். அதற்கு முன் நாங்கள் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டதே இல்லை. ஒவ்வொன்றுக்கும் இடையில் மாதக்கணக்கு இருந்தது. புதுசு வந்தால் பழசை யார் கேட்டது?

ஜெஃப்ரி நாடாவை ஓடவிட்டார். முதல் பாட்டின் மிதி தொடங்கியது. உடனே நிறுத்தினார்.

"உங்க குழுவுல எத்தனை பேரு?"

"என்ன சார், மூணு வருஷமா எங்கள வெச்சுத்தான் உங்க அடுப்பு எரியுது, எங்கள எண்ணத் தெரியாதா?" என்றான் கிளைவ்.

"அப்ப தூரத்துல நடக்கறது யாரு?"

மறுபடி போட்டார். எங்கள் மிதிக்குப் பின்னால், ரொம்பப் பின்னால், ஏதோ ஒன்று இருந்தது. தாளத்தில் சேராமல், தன் பாட்டுக்கு. பட்டறையில் வேலை பார்த்த காது எனக்கு, எல்லாச் சத்தமும் கேட்காது. ஆனால் இது கேட்டது.

"சுருளுக்குள்ள ஒரு சுத்து அடுத்த சுத்துல பதிஞ்சு இப்படி நிழல் மாதிரி கேக்கும். சகஜம்தான்" என்றார் ஜெஃப்ரி. பிறகு அவரே நெற்றியைச் சுருக்கினார். "ஆனா அப்படின்னா உங்க மிதியேதான் திரும்பக் கேக்கணும். இது வேற யாரோ நடக்கறாங்க."

இரண்டாவது பாட்டில் அந்த நடை கொஞ்சம் தெளிந்தது. மூன்றாவதில் அது கல் சாலை மேல் நடப்பது தெரிந்தது. ஐந்தாவதில் ஒரு கால் இழுபடுவதும் கேட்டது. டொக். சர்ர். டொக். சர்ர். ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் பக்கத்தில் வரும். பாட்டு முடிவில் எங்கள் மிதி கரையத் தொடங்கியதும் அந்த நடை தடுமாறும், நிற்கும், இந்தப் பக்கம் இரண்டடி, அந்தப் பக்கம் இரண்டடி வைக்கும். வழி தவறியவன் நடப்பது போல. அடுத்த பாட்டில் மிதி தொடங்கினால், மறுபடி நேராக நடந்து வரும்.

எட்டாவது பாட்டில் அது ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பலகையின் ஓரத்தில் ஒரு பூட்ஸ் முனை இடித்த சத்தம்கூடக் கேட்டது. அங்கே பாட்டு கரைந்தது.

ரோலண்டின் முகத்தைப் பார்த்தேன். முதலிடம் பிடித்தபோதுகூட அவன் முகம் அப்படி மலர்ந்ததில்லை. 

"வந்துட்டான்டா" என்றான். "சொன்ன மாதிரியே சத்தத்தப் புடிச்சுக்கிட்டு வந்துட்டான்டா."

ஜெஃப்ரி நாகரிகமானவர். தேநீர் குடிக்கப் போகிறேன், அதற்குள் பாட்டு வரிசையை முடிவு செய்யுங்கள் என்று வெளியே போய்விட்டார். எங்கள் பலகை ஸ்டுடியோ தாழ்வாரத்தில் மாடிப்படிக்கு அடியில்தான் கிடந்தது. பழக்க தோஷம், அதன் மேலேயே போய் நின்றோம்.

"வரிசையத் திருப்பிப் போடு" என்றான் கிளைவ். "புதுசு முதல்ல, பழசு கடைசில. இங்கேருந்து கிளம்பி அவன் பாட்டுக்குத் திரும்பிப் போயிடுவான். ஊர்ல ஒவ்வொரு வீட்டுலயும் இந்தத் தட்டு ஓடப் போகுது. கடைசிப் பாட்டுல அவன் எவன் வீட்டு நடுக்கூடத்துல வந்து நிக்கறது? குழந்தைங்க கேக்கற தட்டுடா இது."

"எவன் வீட்டுக்கும் வரல, நம்மகிட்ட வரான்" என்றான் ரோலண்ட். "வந்த வரிசையிலேயே இருக்கட்டும். நாமதான மிதிச்சுக் கூப்பிட்டோம்?"

"வரது மெர்வினாவே இருக்கட்டும் ரோலண்ட். எப்படி வரான்? அந்தப் பள்ளத்துல கெடந்த மாதிரியா?" இதைக் கேட்டது நான்தான். எனக்கு அந்தப் பயம்தான். சிரித்துக்கொண்டு போன பையனை எனக்குப் பிடிக்கும். பனி விலகியபோது நான் பார்த்தவனை மறுபடி பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது.

டெஸ்மண்ட் கையைப் பிசைந்தான். "சண்டை எதுக்குடா? மிதிச்சுப் பாத்துடலாம். திருப்பிப் போடலாம்ங்கறவங்க மிதிங்க."

கிளைவ் மிதித்தான். டெஸ்மண்ட் மிதித்தான். நான் ரோலண்டைப் பார்க்காமல் மிதித்தேன்.

"வந்த வரிசையிலேயே வேணும்ங்கறவங்க?"

ரோலண்ட் ஓங்கி மிதித்தான். அந்த அதிர்வு அடங்குவதற்குள், பலகையின் மறுமுனையில், எங்கள் நாலு பேரின் காலும் இல்லாத இடத்தில், இன்னொரு மிதி விழுந்தது. டொக்.

செத்தவர்கள் ஓட்டுப் போட்ட கதையை நகரசபைத் தேர்தலில் கேட்டிருக்கிறேன். காதால் கேட்டது அன்றுதான். டெஸ்மண்ட் ஜெபம் சொல்ல ஆரம்பித்தான். கிளைவ் மட்டும் வெளுத்த உதட்டோடு சொன்னான், "அப்பவும் மூணுக்கு ரெண்டு. திருப்பித்தான் போடறோம்."

மாதிரித் தட்டு நவம்பரில் வந்தது. எங்கள் தட்டு எது வந்தாலும் முதலில் ஓடுவது ஐரிஸ் ஆன்ட்டியின் முன்னறையில்தான். கிறிஸ்துமஸுக்கும் சாவுக்கும் மட்டும் திறக்கிற அறை, எங்கள் ரெகார்டுகளுக்காகவும் திறக்கும். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஆளுக்கொரு தட்டு ஈரல் உருண்டையும் பட்டாணியும் சாப்பிட்டுவிட்டு, காலுறையோடு வரிசையாக உட்கார்ந்தோம். அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ரோலண்ட் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை. கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தான்.

முள் இறங்கியது. வரிசையைத் திருப்பிப் போட்டிருந்ததால் எட்டாவது பாட்டின் மிதிதான் முதலில் அறைக்குள் எழுந்தது. டொக், சர்ர் என்று அவ்வளவு பக்கத்தில்.

ஐரிஸ் ஆன்ட்டி மடியில் இருந்த துணியைக் கீழே வைத்தார். கதவைப் பார்த்தார். அவர் முகத்தில் பயமே இல்லை.

தட்டில் இரண்டாவது பாட்டு. நடை கொஞ்சம் பின்வாங்கியது. மூன்றாவது. இன்னும் பின்னால். நாலாவது பாட்டு தொடங்கியபோது அவர் எழுந்து முள்ளை வெடுக்கென்று தூக்கினார். தட்டில் கோடு விழுந்த சத்தம் என் பல்லைக் கூசவைத்தது.

"எவன்டா அவன வெரட்டறது?"



"ஆன்ட்டி, உங்களுக்குக் கேக்குதா?" என்றேன் நான், அசடு மாதிரி.

"கேக்குதாவா? முதல் ரெகார்டுலயே கேட்டேன். மலைக்கு அந்தாண்ட இருந்தான். ஒவ்வொண்ணா நீங்க கொண்டாந்து போடறப்ப எவ்வளவு தூரம் வந்திருக்கான்னு பாக்கத்தான் இங்க உக்காந்தேன். பின்ன, உங்க கத்தலக் கேக்கவா?" அவர் குரல் உடைந்தது. "கடைசி ரெகார்டுல வாசல் கேட்டு வரைக்கும் வந்துட்டான்னு நெனச்சேன். அடுத்ததுல உள்ள வந்துடுவான்னு இருந்தேன். நீங்க என்னடான்னா புடிச்சுத் திருப்பி அனுப்பறீங்க."

"அம்மா, நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றான் ரோலண்ட்.

"நீ சொல்லிக் கிழிச்ச. அவன் உங்ககிட்ட என்ன சொல்லிட்டுப் போனான்? நிறுத்தாதீங்கன்னு சொன்னான். நீங்க என்ன பண்றீங்க? மூணு நிமிஷம் மிதிக்கறீங்க, கரைச்சு விட்டுடறீங்க. நாலு மாசம் கழிச்சு மறுபடி மூணு நிமிஷம். அந்தப் பனியில புள்ள எப்படிடா வீடு வந்து சேரும்?"

 மூன்று வருடமாகப் பாட்டு நன்றாக முடிகிறது என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

"போய்க் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

கிளைவ் பூட்ஸை மாட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டான். டெஸ்மண்ட் தனக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது என்றான். அது உண்மைதான். அந்த விடியலுக்குப் பிறகு ரோலண்ட் வண்டி ஓட்டுவதையே விட்டவன். மிச்சம் நான்.

"ஹோவர்ட், நீ ஓட்டறியா, இல்ல நான் நடந்தே போகட்டுமா?"

ஐரிஸ் ஆன்ட்டி போகக்கூடியவர்தான். மேலங்கிக்குக் கை நீட்டிவிட்டார். நான் சாவியை எடுத்தேன்.

மறுநாளே மதியத்துக்கு மேல், பலகையைப் புது வேனின் பின்னால் போட்டுக்கொண்டு கிளம்பினோம். லீக் தாண்டி மேடு ஏறியதும் பனி வந்து மூடியது. பகல்தான், ஆனால் எல்லாம் பால் ஊற்றிய மாதிரி. அந்த இடம் ரோலண்டுக்குத் தெரிந்தது, ஒரு கல்சுவர் உடைந்திருக்கும். வண்டியை ஓரம் கட்டினேன். பின்கதவு இரண்டையும் விரியத் திறந்து வைத்தோம். வெள்ளித்தாள் கோட்டும் வேண்டாம், ஜிகினாவும் வேண்டாம் என்று வந்திருந்தோம். பூட்ஸ் மட்டும் போட்டுக்கொண்டோம்.

"மிதிடா" என்றான்.

மிதித்தோம். பாட்டு இல்லை, கிடார் இல்லை. சுவருக்கு அப்பால் ஆடுகள் கலைந்து ஓடின. சத்தம் பனிக்குள் போய்த் திரும்பி வரவே இல்லை. கொஞ்ச நேரத்தில் என் கால் தானாகத் தளர்ந்தது. களைப்பு இல்லை, பழக்கம். மூன்று நிமிடம் ஆனால் ஓய்ந்துவிட வேண்டும் என்று கால் கற்றுக்கொண்டு விட்டது.

"நிறுத்தாத ஹோவர்ட்!" ரோலண்ட் கத்தினான். "செத்தாலும் நிறுத்தாதடா!"

நிறுத்தவில்லை. கெண்டைக்கால் கல்லாகியது, மூச்சு புகையாகப் போனது, வேர்வை கண்ணில் இறங்கியது. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். வெளிச்சம் மஞ்சளாகி மங்கத் தொடங்கிய பிறகுதான் அது கேட்டது. போன் கூண்டு இருந்த பக்கத்திலிருந்து.

டொக். சர்ர்.

ரோலண்ட் அழுதுகொண்டே மிதித்தான். நானும் மிதித்தேன், ஆனால் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். நடை தடுமாறவில்லை. இந்த முறை யாரும் கரைக்கவில்லை அல்லவா, நேராக வந்தது. சாலையில், சரளையில், சக்கரத்துக்குப் பக்கத்தில். கதவருகே நின்றது. கணப்புக்குப் பூசும் வெள்ளி வர்ணத்தின் வாடை என் முகத்தில் அடித்தது. பிறகு வேனின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது, ஓர் ஆள் ஏறினால் தாழ்கிற அளவுக்கு.

நாங்கள் மிதிப்பதை நிறுத்தினோம்.

"ஏன்டா இவ்வளவு நேரம்?" என்றான் ரோலண்ட்.   பிறகு எங்கள் வழக்கப்படி கேட்டான். "வீட்டுக்குப் போலாம்ங்கறவங்க?"

ரோலண்ட் மிதித்தான். நான் மிதித்தேன். எனக்குப் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில், டொக்.

ஊர் வந்து சேரும் வரை நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ரோலண்ட் பின்னால்தான் உட்கார்ந்துகொண்டான். வளைவுகளில் பலகை மேல் ஏதோ சர்ர் என்று நகரும், அவன் "புடிச்சுக்கோடா" என்பான். அவன் பேச்சு மட்டும் எனக்குக் கேட்டுக்கொண்டே வந்தது. மூன்று வருட ஊர்வம்பு முழுவதும், யார் யாரோடு ஓடிப்போனார்கள், எந்தப் பாட்டு எந்த இடம் பிடித்தது, கிளைவ் எப்படிப் பயந்தான், எல்லாம். நடுநடுவே பதில் கேட்பது போல நிறுத்துவான். பிறகு சிரிப்பான்.

ஐரிஸ் ஆன்ட்டி வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றார். காலடியில் செய்தித்தாள், வழக்கத்தைவிட அகலமாக விரித்திருந்தது. வேனிலிருந்து ரோலண்ட் இறங்கினான். நான் இறங்கினேன். வேனின் பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது. கேட்டிலிருந்து வாசல்படி வரைக்கும் சிமெண்ட் பாதையில் அந்த நடை எங்களுக்கு முன்னால் போனது. எனக்கு அவரைப் பற்றித்தான் கவலை. அவர் கண்ணுக்கு என்ன தெரியும், எப்படித் தெரியும்?

அவர் எங்களைப் பார்க்கவில்லை. தனக்கு எதிரே, மெர்வினின் உயரத்துக்குச் சரியாக, நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எப்போதும் அதட்டுகிற அதே குரலில் அதட்டினார்.

"எத்தன தடவ சொல்றதுடா உனக்கு? பூட்ஸ வெளியவே கழட்டு."

செய்தித்தாள் சரசரத்தது. தொப்பென்று ஒன்று விழுந்தது. இன்னொன்றைக் கழற்றச் சிரமப்பட்ட மாதிரி ஓர் இழுப்பு. அதுவும் விழுந்தது.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. காலுறையோடு நடப்பவனின் காலடி யாருக்குக் கேட்கும்? ஐரிஸ் ஆன்ட்டி ஒதுங்கி வழி விட்டார், பிறகு ரோலண்டும் உள்ளே போனான். செய்தித்தாள் மேல் எதுவும் இல்லை. இரண்டு இடத்தில் மட்டும் அமுங்கி, ஈரத்தில் கிழிந்திருந்தது. கதவு சாத்துவதற்கு முன் அவர் என்னிடம், "நாளைக்கு வா, ஹோவர்ட். இன்னிக்கு நாங்க சாப்பிடணும்" என்றார்.

கடைசியில் தட்டை, பாட்டுகள் வெளிவந்த வரிசையிலேயே போட்டோம். கிளைவ்கூட மறுக்கவில்லை. ஜெஃப்ரி சுருளை மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு, "நாலு ஜோடி காலுதான் இருக்கு. போன தடவை என் காதுல ஏதோ கோளாறு" என்றார். ஆமாம் சார் என்றோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், கடைக்கு வந்த முதல் பிரதியை எடுத்துக்கொண்டு ஐரிஸ் ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். ரோலண்ட் முன்னறை நாற்காலியிலேயே வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். கன்னம் மறுபடி சதை போட்டிருந்தது. எனக்கு அவனைப் பார்த்ததில் அவ்வளவு சந்தோஷம். தட்டை ரேடியோகிராமில் வைத்து, ஊரே கேட்கட்டும் என்று குமிழைக் கடைசி வரை திருப்பினேன். முதல் மிதி விழுந்ததுதான் தாமதம், அடுப்பங்கரையிலிருந்து அவர் ஓடிவந்து குமிழைச் சட்டென்று குறைத்தார்.

"மெதுவா வெய்டா" என்றார், மாடிப்படியைப் பார்த்தபடி. "இப்பத்தான் தூங்கினான்."

நாற்காலியில் இருந்த ரோலண்டின் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. நான் முள்ளைத் தூக்கிவிட்டேன். வாசலில் கழற்றி வைத்திருந்த என் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, தெரு முனை வரைக்கும் காலுறையோடே நடந்து போனேன்.